ஸர் சார்லஸ் டிரெவிலியனும் சர்க்கார் செலவும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து, இன்று ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் நிற்கும் நிலப்பரப்பு, முற்காலத்தில் பீபிள்ஸ் பார்க்கு என்னும் ஒரே பெருந்தோட்டமாக விளங்கிற்று. அத்தோட்டத்தை நகர மக்களின் பொழுதுபோக்குக்கென வகுத்தவர் 1859 மார்ச்சு மாதத்தில் சென்னைக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் எட்வர்டு டிரெவிலியன் என்பவர். அவர் இவ்விராஜதானியை ஆண்ட காலம் பதினைந்து மாதத்துக்கும் குறைவு. 1860 ஜூன் மாதத்தில் இங்கிலாந்து மந்திரிசபையார் அவரைத் திருப்பியழைத்துக்கொண்டனர். அவர்மீது சாற்றப்பட்ட குற்றம் லஞ்சமன்று; கொடுங்கோன்மையுமன்று. குடிகளின்மீது புதுவரி சுமத்துமுன் சர்க்கார் தன் செலவைக் குறைத்துக்கொள்ளட்டும் என்று எழுதியதும், எழுதியதைப் பத்திரிகைகளில் யாவரும் படிக்கும்படி வெளியிட்டதுமே அவர் செய்த பிழை.

நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்பொழுது, பின்வரிசையிலிருந்து எழுந்து, "இந்தத் தொகைக்கு ரசீது உண்டா?" என்று கேட்கும் அன்பர் ஒருவர் எப்பொழுதும் இருப்பார். நிர்வாகிகளுக்கு அவர் வேண்டாதவராகத் தோன்றுவதும் இயற்கையே. ஒரு சிறு சங்கத்தின் நிலைமை இதுவானால், ஒரு சாம்ராஜ்யத்தின் கஜானாவைக் குறித்து இக்கேள்வியைக் கேட்டவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். டிரெவிலியன் தம் வாழ்நாளில் இக்கேள்வியைப் பலமுறை கேட்டவர். ஆனால் எல்லாவிடத்தும் அவர் கேள்வி ஒரே பயனைத் தரவில்லை. ஓரிடத்தில் அது ஊழலைப் போக்கிற்று. மற்றோரிடத்தில் பட்டினியால் வாடியோரின் வாயிலிருந்த கவளத்தைப் பறித்தது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாதவிடத்து அவர் சரித்திரம் பாதிச் சரித்திரமேயாகும்.

டிரெவிலியன் 1807-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸாமர்ஸெட் மாகாணத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் உத்தியோகஸ்தரைப் பயிற்றுவதற்கென்று நடத்திய ஹெய்லிபரிக் கல்லூரியில் படித்து, 1826-இல் வங்காள ஸிவில் உத்தியோகத்தில் அமர்ந்து, டில்லிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ரெஸிடெண்டாக இருந்த ஸர் எட்வர்டு கோல்புரூக் வயதிலும் பதவியிலும் மிக மூத்தவர். கம்பெனியார் ஊழியத்திலேயே தலை நரைத்தவர். அவர் சுதேசப் பிரபுக்களிடமிருந்து பொருள் பெறுவதை இளைஞரான டிரெவிலியன் கண்டார். கண்டும் காணாதவர்போல் இருக்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. 1829-இல், தம் மேலதிகாரியின்மீது தாமே வெளிப்படையாகக் குற்றஞ் சாட்டினார். டில்லியிலிருந்த ஐரோப்பியரிற் பெரும்பாலோர் அவரோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டனர். விசாரணை நடந்தது, குற்றம் மெய்ப்பட்டது, கோல்புரூக் உத்தியோகத்தினின்று நீக்கப்பட்டார். டிரெவிலியனுக்கு அப்பொழுது வயது இருபத்திரண்டு.

அடுத்து அவர் கைவைத்தது உள்நாட்டுச் சுங்கம். ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் சரக்குக் கொண்டுபோவதற்குள் வழிநெடுகச் சாவடிகளில் நின்று, தீர்வையும் செலுத்தி, சாவடிச் சேவகனுக்குத் தனியே கையூட்டும் கொடுத்தே வணிகர் கடக்கவேண்டியிருந்தது. இத்தீர்வையினால் சர்க்காருக்கு வந்த வருமானத்தைக் காட்டிலும் வியாபாரத்துக்கு விளைந்த நஷ்டம் பெரிது என்று அவர் 1834-இல் விரிவானதோர் அறிக்கையால் நிலைநாட்டினார். 1836-இல் வங்காளத்தில் அச்சுங்கம் எடுபட்டது. நம் சென்னை இராஜதானியில் அது 1844 வரை நீடித்தது என்பதை வணிகக் குடும்பத்தினர் நினைவிற் கொள்ளல் தகும்.

இதற்கிடையே 1834-இல் அவர் மெக்காலே பிரபுவின் தங்கை ஹன்னாவை மணந்தார். பின்பு தாய்நாடு திரும்பி, 1840-இல் லண்டன் கஜானா இலாகாவில் உதவிக் காரியதரிசியானார். பெயரில் உதவி என்றிருப்பினும், நிரந்தர உத்தியோகஸ்தரில் அதுவே தலைமைப் பதவி. பத்தொன்பது ஆண்டு அவர் அப்பதவியில் இருந்தார்.

அக்காலத்து ஆங்கில அரசாங்கத்தின் கணக்கு முறை எத்தன்மையது என்பதை இன்று கேட்போர் நகைப்பர். மத்திய காலத்திலிருந்து, கஜானாவில் பணம் கட்டியவனுக்குச் சீட்டுக்குப் பதிலாக ஒரு மரக்குச்சியே அத்தாட்சி. தொகைக்குத் தக்கபடி குச்சியில் வெட்டுப்போட்டு, அதை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கஜானாவிலும் மறு பாதியைப் பணம் கட்டியவனிடமும் வைப்பர். கணக்கு நேரும்பொழுது இரண்டையும் பொருத்திப் பார்ப்பர். நம் நாட்டில் பால்காரரும் வண்ணாரும் சுவரிற் கோடிட்டு வைத்த கணக்கைக் கேலி செய்த ஆங்கிலேயரின் சொந்தக் கஜானாவில் இம்முறை 1826 வரை சட்டப்படி நடந்துவந்தது! குவிந்து கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்பிலிட்டு எரிக்கப்போக, நெருப்புப் பற்றிப் பார்லிமெண்டு மாளிகையே வெந்து சாம்பலாயிற்று.

குச்சியாவது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. வேலையின்றிச் சம்பளம் பெற்ற பதவிகள் செய்த தீங்கு பெரிது. பெருங்குடியிற் பிறந்தவர் ஒருவர் ஒரு பதவியின் பெயரைத் தாங்கி, அதன் வரும்படியைப் பெற்றுக்கொண்டு, வேலையைச் சிறு சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்து நடத்துவிப்பார். எட்மண்டு பர்க் என்பார் 1780 முதற்கொண்டு இதைக் கண்டித்துப் போராடியும் அது படிப்படியாகவே குறைந்தது. கீழ்ப்பதவிகளோ மந்திரிகளின் சிபாரிசினாலும் பார்லிமெண்டு அங்கத்தினரின் தயவினாலும் நிரம்பின. தேர்தலில் உதவி செய்தவரின் மகனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை. அவன் எழுத்தறியாதவனாயினும் கவலையில்லை. இவ்விலாகாக்களையெல்லாம் தணிக்கும் காவலர்போல் அமர்ந்தவர் டிரெவிலியன். ஒரு பென்ஸுச் செலவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

இந்நிலையில் 1845-இல் ஐர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அந்நாட்டு ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு கறியன்று. நமக்கு அரிசியும் கேழ்வரகும் எவ்வாறோ அவ்வாறு மூன்று வேளைக்கும் அதுவே உணவு. பயிர் அழுகிப்போகவே, குடியானவர் கையிற் காசுமின்றிச் சோறுமின்றி நின்றனர். 1846-இல் ஏறக்குறைய விளைச்சல் முழுவதும் பாழாயிற்று. நிவாரணப் பணத்தின் சாவி கஜானா இலாகாவிடம் இருந்தது. அஃதாவது நிதிமந்திரியான ஸர் சார்லஸ் உட் என்பவரிடமும் டிரெவிலியனிடமும் இருந்தது. இருவரும் சிக்கனத்தில் ஒருமனப்பட்டவர். தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது, இலவசமாக உணவிட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாவர், ஐர்லாந்தின் வறுமையை ஐர்லாந்தின் சொத்துக்காரரே தாங்கவேண்டும் என்பன அவர்கள் கொள்கைகள். டிரெவிலியன் இப்பஞ்சத்தை ஐரிஷ் சமூகத்தைத் திருத்தவந்த தெய்வச் செயலாகவும் எண்ணினார்.

1847 மார்ச்சு மாதத்தில் சுமார் 7 லட்சம் பேர் கூலிக்குக் கல்லுடைத்துப் பாதை போட்டுக்கொண்டிருந்தனர். பசியால் மெலிந்தவனிடம் வேலையளந்து கூலி கொடுத்தால் அவன் பெறுவது என்ன? பலர் பாதையோரத்திலேயே மாண்டனர். அவ்வாண்டுக் கோடையில் வேலையை நிறுத்திக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தனர். நாளொன்றுக்கு 30 லட்சம் பேர்வரை உண்டனர், சாவு குறைந்தது, செலவும் பாதைவேலைக்கானதை விடக் குறைவே. சிக்கனத்தையே கடவுளாகக் கொண்டவரும் இதைத் தொடர்ந்திருக்கவேண்டும். ஆனால் அவ்வாண்டு இறுதிக்குள் தொட்டிகள் மூடப்பட்டன. நிவாரணம் முழுவதும் உள்ளூர் ஏழைவரியின்மேல் தள்ளப்பட்டது. கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வைத்திருப்பவனுக்கு உதவியில்லை என்று சட்டத்தில் ஒரு விதியையும் சேர்த்தனர். ஆதலால் ஒருவேளைக் கஞ்சிக்காகக் குடியானவன் தலைமுறை தலைமுறையாக உழுத காணியைக் கைவிடவேண்டியதாயிற்று. 1848-இல் டிரெவிலியன் பஞ்சம் தீர்ந்துவிட்டதென்ற பாவனையில் ஒரு நூலெழுதினார். அவ்வாண்டே ஸர் பட்டமும் பெற்றார். பஞ்சமோ மேலும் சில ஆண்டு நீடித்தது.

1841-இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த ஐர்லாந்தின் ஜனத்தொகை 1851-இல் 65 லட்சத்துச் சொச்சமாயிற்று. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டவர் கப்பலேறினர். கஜானா நிவாரணத்துக்குக் கொடுத்தது ஏறக்குறைய 80 லட்சம் பவுன். அதிலும் ஒரு பகுதி கடன். இதே கஜானா 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமைகளை விடுதலை செய்தபொழுது, அடிமைகளுக்கு ஒன்றும் கொடாது, அவர்களை உடைமையாக வைத்திருந்த எஜமானருக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்ததாகும். பணமில்லாமையால் ஐரிஷ்காரர் மாளவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு? டிரெவிலியன் ஒருவரே இதற்குக் காரணர் என்று சிலர் எழுதுவது மிகை. கொள்கை வகுத்த மந்திரிகளும் ஆமென்ற பார்லிமெண்டும் பங்காளிகளே. எனினும் நாள்தோறும் விண்ணப்பங்களைப் படித்து இல்லையென்றெழுதிய பேனா அவருடையது.

அதே பேனாதான் ஆறு ஆண்டு கழித்து வேறொன்றை எழுதிற்று. நிதிமந்திரி கிளாட்ஸ்டன் கேட்டுக்கொண்டபடி, டிரெவிலியனும் ஸர் ஸ்டாபர்டு நார்த்கோட்டும் கையொப்பமிட்டு 1853 நவம்பரில் முடித்து, 1854-இல் வெளியான உத்தியோக சீர்திருத்த அறிக்கை இருபது பக்கத்துச் சொச்சமே. வெளித்தொழிலில் போட்டியிட்டுப் பிழைக்கும் திறமையோ ஊக்கமோ உடல்வலியோ இல்லாதவர்க்குச் சர்க்கார் உத்தியோகம் புகலிடமாகிவிட்டது என்று அதில் ஒளிவு மறைவின்றி உரைத்தனர். சிபாரிசை ஒழித்து, ஒரு தனிச் சபையார் நடத்தும் பொதுப் பரீட்சையில் தேறியவரையே எடுக்கவேண்டும். அறிவாலாற்றும் வேலையையும் வெறும் பிரதியெழுதும் வேலையையும் வேறு வேறாகப் பிரிக்கவேண்டும். மேற்பதவிக்கு மூப்பு மட்டும் போதாது, தகுதியும் வேண்டும் என்பன அதன் சாரம்.

உத்தியோகஸ்தர் கொதித்தெழுந்தனர். தபாலிலாகாவில் வேலை பார்த்த அந்தனி டிராலப் என்னும் நாவலாசிரியர், தம் கதையொன்றில் ஸர் கிரிகரி ஹார்டுலைன்ஸ் என்னும் கடுமூஞ்சி அதிகாரியாக டிரெவிலியனைப் படைத்துப் பழிதீர்த்துக்கொண்டார். 1855-இல் ஸிவில் ஸர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. ஆனால் மந்திரிகள் குறிப்பிட்டனுப்பியவரை மட்டுமே அது சோதித்தது. யாவரும் போட்டியிடும் பொதுப் பரீட்சை பெரும்பாலான இலாகாக்களில் அமலுக்கு வந்தது 1870-இலேதான். ஓர் இருபது பக்க அறிக்கை நடைமுறையாவதற்குப் பதினாறு ஆண்டு பிடித்ததென்றால், சிபாரிசு எவ்வளவு ஆழ வேரூன்றிய மரம் என்பது விளங்கும்.

இந்திய ஸிவில் உத்தியோகத்துக்கோ 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பரீட்சை வந்துவிட்டது. மைத்துனர் மெக்காலே தலைமையில் கூடிய கமிட்டி முறைவகுக்க, 1855-இல் முதற் பரீட்சை நடந்தது, லண்டனில் நடந்தது! சாதியும் குலமும் கேளாத பரீட்சை என்பது எழுத்தளவில் உண்மை. ஆனால் கடல்கடந்து போகப் பணமும், கடல்கடந்தவனைச் சேர்த்துக்கொள்ளும் சுற்றமும், ஆங்கிலப் பள்ளியும் எத்தனை குடும்பத்துக்கு இருந்தன? 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். அடுத்தடுத்துச் சிலர் தேறத் தொடங்கியதும் 1876-இல் வயது வரம்பை 19 ஆகக் குறைக்கத் தீர்மானித்தனர். சுரேந்திரநாத் பானர்ஜி நாடெங்கும் சென்று அதைக் கண்டித்துப் பேசினார். இந்தியாவிலும் அப்பரீட்சையை நடத்தத் தொடங்கியது 1922-இல்தான். வாயிலைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, வாயில்வரை வரப் பாதை வேண்டும் என்பது கல்வி நிதி திரட்டி மாணவர் விடுதி நடத்தும் நம்போன்ற சங்கங்களுக்குப் பட்டறிவால் தெரிந்ததே.

இனிச் சென்னைக்கு வருவோம். டிரெவிலியன் வந்திறங்கிய பொழுது இவ்விராஜதானி எந்நிலையில் இருந்தது? நிலவரி பாக்கிக்காகக் குடியானவரைக் கிட்டியிட்டு விரலை நெரிப்பதும், அண்ணாந்தாள் பூட்டி வெயிலில் நிறுத்துவதும் வழக்கமாயிருந்தமை பார்லிமெண்டுவரை எட்டி, 1855-இல் விசாரணைக் கமிஷன் அதை மெய்யென்று அறிவித்திருந்தது. வரி தண்டுபவனே போலீஸ் அதிகாரமும் உடையவனாயிருந்ததும், கீழ்ச் சிப்பந்திகளின் சம்பளம் அற்பமாயிருந்ததும் அக்கொடுமைக்கு வேராயின. பொதுப் பணத்தைச் சேமிக்கிறோமென்று சேவகனுக்கு அரைவயிற்றுச் சம்பளம் கொடுத்தால், மீதி அரைவயிற்றை அவன் குடிகளிடமிருந்து நிரப்பிக்கொள்வான். 1859-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் அவ்விரு வேலைகளையும் பிரித்தது. இதனோடு, மொகதர்பா என்னும் தொழில்வரியும் இருந்தது. தறிக்கு வரி, செக்குக்கு வரி, கடைக்கு வரி, வீட்டுக்கு வரி. தச்சனும் கொல்லனும் தம் கருவிக்கு வரி. 1852-இல் லட்சுமிநரசு செட்டியாரும் மற்றோரும் சேர்ந்து நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கத்தார் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனுவில் இதனை வன்மையாகக் கண்டித்திருந்தனர்.

வடநாட்டில் 1857-இல் மூண்ட பெருங்கிளர்ச்சியை அடக்கிய செலவோ மலைபோல் நின்றது. மூன்று ஆண்டில் சுமார் 3 கோடி பவுன் பற்றாக்குறை. இதைச் சீர்செய்ய 1859 இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தவர் எகானமிஸ்டு பத்திரிகையை நிறுவிய ஜேம்ஸ் வில்ஸன். இந்தியாவுக்கு ஒழுங்கானதொரு வரவு செலவுத் திட்டத்தை 1860 பிப்ரவரியில் முதன்முதல் வெளியிட்டவர் அவரே. வருமான வரி, தொழில் லைசென்ஸ் வரி, புகையிலை வரி என மூன்றை அவர் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய்வரை வருமானமுள்ளவர் நூற்றுக்கு 2 ரூபாயும், அதற்கு மேற்பட்டவர் நூற்றுக்கு 4 ரூபாயும் கொடுக்கவேண்டும்.

வில்ஸன் பக்கத்திலும் நியாயமுண்டு. நிலவரியின் பாரம் குடியானவன் முதுகை ஒடிக்க, பெருவணிகரும் ஐரோப்பிய உத்தியோகஸ்தரும் ஏறக்குறைய ஒன்றும் கொடாதிருந்த காலம் அது. வருமான வரி அவர்களையும் எட்டிப்பிடித்தது. ஆயினும் டிரெவிலியன் எழுப்பிய கேள்வி அதற்கு முற்பட்டது. கிளர்ச்சி அடங்கிய பின்னும் அளவுக்கு மிஞ்சிய படையைத் தீனிபோட்டு வைத்திருப்பானேன்? அதைக் குறைத்தால் பற்றாக்குறை தானே தீருமன்றோ? தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத சபையில் விதித்த வரியை, அதன் காரணமும் அறியாத ஜனங்களிடம் எவ்வாறு தண்டுவது? தென்னாட்டின் நிலை வேறு, வடநாட்டின் நிலை வேறு என்பதைக் கல்கத்தா அறியுமா? இவ்வாறெல்லாம் 1860 மார்ச்சில் ஒரு குறிப்பு வரைந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் அது சென்னைப் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

ஒரு மாகாண கவர்னர் தம் மேலிருக்கும் துரைத்தனத்தின் திட்டத்தைப் பகிரங்கமாகக் கண்டிப்பதா என்று கல்கத்தா குமுறிற்று. இங்கிலாந்தில் அப்பொழுது இந்தியா மந்திரியாயிருந்தவர் யார்? ஐரிஷ் பஞ்சத்தில் டிரெவிலியனோடு ஒரே மேசையிலிருந்து செலவைக் குறைத்த அதே ஸர் சார்லஸ் உட். பசித்தவனுக்குச் செலவு குறைக்கையில் இவருடைய கைக்கருவியாயிருந்த டிரெவிலியன், படைக்குச் செலவு குறைக்கச் சொன்னதும் குற்றவாளியானார். ஒழுங்கு முறையை நோக்குமிடத்து உட் செய்ததில் தவறில்லை என்பர் சட்டமறிந்தோர். எந்த மந்திரியும் அவ்வாறே செய்திருப்பார். ஆனால் ரகசியமாக எழுதி அனுப்பியிருந்தால் அக்குறிப்பு கல்கத்தாவில் ஒரு பெட்டிக்குள் உறங்கியிருக்கும் என்பதும் உண்மை. முப்பது ஆண்டுக்கு முன் டில்லியில் செய்ததையே அவர் சென்னையிலும் செய்தார்.

வருமான வரி 1860 ஜூலையில் சட்டமாயிற்று. அடுத்த மாதமே வில்ஸன் சீதபேதியால் கல்கத்தாவில் மாண்டார். அவருக்குப்பின் வந்த ஸாமுவேல் லெயிங் படைச்செலவைப் பெரிதும் வெட்டினார். 500 ரூபாய்க்குட்பட்ட வருமானத்துக்கு 1862-இல் வரிநீக்கமும் அளித்தார். அதன்பின் நிதி அங்கத்தினராக நியமிக்கப்பட்டு இந்தியாவுக்குத் திரும்பிவந்தவர், துரத்தப்பட்ட அந்த டிரெவிலியனே! 4 ஆக இருந்த விகிதத்தை 3 ஆக இறக்கி, 1865-இல் வரியின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தவுடன் அதனைப் புதுப்பியாமலே விட்டுவிட்டார்.

ஒருவரது பிடிவாதத்தால் வெட்டிய செலவு அவர் போனபின் மீண்டும் முளைக்கும். முளையாதிருக்க இங்கிலாந்தில் ஏற்பட்ட ஏற்பாடு கிளாட்ஸ்டனுடையது. மெழுகுவத்தியின் கடைத்துண்டையும் வீணாக்காதவனே நல்ல நிதிமந்திரி என்பது அவர் எண்ணம். 1861-இல் பார்லிமெண்டில் பொதுக் கணக்குக் கமிட்டியை நிறுவினார். 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கம்ப்ட்ரோலர் ஆடிட்டர் ஜெனரல் என்னும் பதவியை உண்டாக்கினார். பார்லிமெண்டு இன்ன காரியத்துக்கென்று ஒப்புக்கொண்ட பணம் அக்காரியத்துக்கே செலவாயிற்றா என்று அவர் ஆண்டுதோறும் தணிக்கை செய்து, மந்திரிக்கன்று, பார்லிமெண்டுக்கே சொல்லவேண்டும். மந்திரிசபையார் அவரை நினைத்தபடி விலக்க முடியாது. அவர் சொல்வதைக் கமிட்டி படித்து, செலவழித்த இலாகாத் தலைவரை அழைத்து நிறுத்திக் கேட்கும்.

இந்தியாவில் முதல் ஆடிட்டர் ஜெனரல் 1860 நவம்பர் 16-இல் பதவியேற்றார். ஆனால் அவர் துரைத்தனத்துக்குள்ளேயே ஓர் உத்தியோகஸ்தர். அவர் கூறுவதைக் கேட்க மக்கள் சபை ஒன்றில்லை. பொதுக் கணக்குக் கமிட்டி இங்கு 1921-இலேதான் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் தணிக்கைத் தலைவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை விலக்கும் முறையாலன்றி விலக்கலாகாதென்று காப்பளித்தது. 1967 முதல் அக்கமிட்டிக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரைத் தலைவராக்கும் வழக்கமும் ஏற்பட்டது. பின்வரிசையில் எழுந்து ரசீது கேட்பவரை மேடைக்கே அழைத்து நாற்காலி கொடுத்தாற்போல.

அவ்வாறு கேட்க ஆளில்லாத நாளில் நம்மவர் பட்டது தாது வருஷப் பஞ்சம். 1877-இல் லிட்டன் பிரபு சென்னையின் பஞ்சச் செலவைச் சுருக்குவதற்கென ஸர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் 1860-இல் வில்ஸனுக்கு உதவியாளராயிருந்தவர். 1874-இல் பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாக அரிசி வருவித்து உயிர்காத்து, பணத்தை வாரியிறைத்தவர் என்ற வசை கேட்டவர். அவ்வசையைத் துடைக்கவே போலும், இங்கே மண்சுமக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று விதித்தார். சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இவ்வளவில் உயிர் நில்லாதென்று எழுத்துமூலம் எதிர்த்தார். சில மாதத்தில் கூலி உயர்ந்தது. அதற்குள் போனவர் போயினர். ஐர்லாந்தில் கல்லுடைத்தவனுக்கும் செங்கற்பட்டில் மண்சுமந்தவனுக்கும் கணக்கு ஒன்றே. 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனுக்குப் பின்னரே உயிர்காப்பது சர்க்காரின் கடமை என்று விதிநூல் எழுதினர்.

டிரெவிலியன் அப்பொழுது முதியவராய் இங்கிலாந்தில் இருந்தார். 1873-இல் இந்திய நிதி நிலைமையை விசாரித்த பார்லிமெண்டுக் கமிட்டியின்முன் சாட்சி சொல்லுகையில், இந்தியர் தம் பணத்தைத் தாமே திரட்டித் தாமே செலவிடும் பொறுப்பைப் பெற்றாலன்றிச் சிக்கனம் நிலையாது என்ற கருத்தை வெளியிட்டார். ஐர்லாந்தைக் குறித்துத் தாம் செய்தது பிழையென்று அவர் ஒருகாலும் சொன்னதாக இல்லை. 1886 ஜூன் 19-ஆம் தேதி லண்டனில் காலஞ்சென்றார். அவர் எதிர்த்தும் ஒழித்தும் போந்த வருமான வரி அதே 1886-இல் இரண்டாம் ஆக்டாக இந்தியாவில் மீண்டும் பிறந்தது. அது பின்னர் எடுபடவேயில்லை.